கொசுறு அக்காவும் என் மானமும்

கோலாலம்பூரில் கடை என்று பலகை மாட்டியிருக்கும் எந்த இடமும் கொசுறு அக்காவிடமிருந்து தப்பியதில்லை. காய்கறிக் கடையில் கேட்டால் பரவாயில்லை, அது நம் ஊர் வழக்கம். அக்கா மருந்துக் கடையில் கொசுறு கேட்பாள். செருப்புக் கடையில் கேட்பாள். கைப்பேசிக்குச் சிம் கார்டு வாங்கிவிட்டு, "கூட என்ன போடுவீங்க?" என்பாள். சாவிக்கு நகல் எடுக்கும் ஒரு சீனக் கிழவர் அவளுக்குச் சாவி வளையம் ஒன்றைச் சும்மா கொடுத்ததை நானே பார்த்தேன். கொடுத்த கையோடு அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பல் வைத்தியரிடம் மட்டும்தான் அக்கா கொசுறு கேட்டதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் இன்னொரு பல்லப் பிடுங்கிருவாம்ட்டி" என்றாள்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. கொசுறு அக்கா என்றால் பூக்கடைக்காரர் முதல் வடை போடும் அம்மா வரை எல்லோருக்கும் தெரியும். சிலர் பெயரைக் கேட்டதுமே கல்லாப் பக்கம் குனிந்து எதையோ தேட ஆரம்பிப்பார்கள்.

நான் திருச்சிக்காரி. என் வீட்டுக்காரருக்கு ஷா ஆலமில் வேலை கிடைத்ததும் நாலு வயது மகளையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நகை இருக்கிறதோ இல்லையோ, மானம் ஏராளமாக உண்டு. என் அம்மா கடையில் பேரம் பேச மாட்டாள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கடைக்காரனைத் திட்டுவாள். அப்பா அதற்கும் ஒரு படி மேல். ஓட்டலில் சாம்பார் இன்னொரு கரண்டி கேட்க வெட்கப்பட்டு, மீதி இட்லியைத் தண்ணீரைக் குடித்து விழுங்குவார். அந்த மானத்தைத்தான் நான் பத்திரமாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இறங்கிய வாரமே அது போயிற்று.

போன இடம் ஒரு சூப்பர் மார்க்கெட். இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியை எடுத்துக்கொண்டு நேராகப் பணம் கட்டுகிற இடத்துக்குப் போகக் கூடாது. காய்கறிப் பக்கத்திலேயே தராசோடு ஒருவர் நிற்பார். அவரிடம் கொடுத்து நிறுத்து, விலைச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இது இங்கே பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. வெண்டைக்காய், தக்காளி, இஞ்சி எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு அழகாக முடிச்சுக் கட்டி, நீளமான வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பெருமையாக எடுத்து வைத்தேன்.

"திம்பாங் டூலு, காக்" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்.

முதலில் நிறுத்துவிட்டு வாருங்கள் அக்கா என்று அர்த்தம். அன்றைக்கு அது தெரியாததால் நான் சிரித்தேன். அவள் மறுபடி சொன்னாள். நான் மறுபடி சிரித்தேன். பின்னால் வரிசை நின்றுபோயிற்று. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இந்த ஊரில் திட்ட மாட்டார்கள். கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு விடுவார்கள். அத்தனை பேருடைய மூச்சும் என் முதுகில் பட்டது. எனக்கு அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

"ஏட்டி, நிறுக்கலியா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தமிழ், அதிலும் திருநெல்வேலித் தமிழ். திரும்புவதற்குள் ஒரு கை என் கூடையைத் தூக்கிற்று, இன்னொரு கை என் முழங்கையைப் பிடித்தது. வரிசையில் நின்ற சீனர், மலாய்க்காரர் அத்தனை பேரையும் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கய்யா, பிள்ள ஊருக்குப் புதுசு" என்று உரக்கத் தமிழில் அறிவித்துவிட்டு அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை வரிசைக்கு மட்டும் தெரிந்த விஷயம் கடை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

தராசுக்காரப் பெண் வெண்டைக்காயை நிறுத்துச் சீட்டை ஒட்டினாள்.

"ஒட்டியாச்சுலா? இப்ப ரெண்டு காய் கூடப் போடு தாயி" என்றாள் அக்கா.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அக்கா சைகையில் காட்டினாள். இன்னும் காய் வேண்டும் போல என்று நினைத்து அவள் சீட்டைக் கிழித்து, இரண்டு வெண்டைக்காயைச் சேர்த்து மறுபடி நிறுத்து, புதுச் சீட்டை ஒட்டினாள்.

"நிறுக்கக் கூடாதும்மா. நிறுத்துட்டா அது வியாபாரம். நிறுக்காமப் போட்டாத்தான் கொசுறு" என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். அவள் மறுபடி கிழித்தாள், மறுபடி ஒட்டினாள். கடைசியில் என்ன நினைத்தாளோ, காலிப் பிளாஸ்டிக் பை ஒன்றை உருவி அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பாத்தியா, குடுத்துட்டா" என்றாள்.

விசாரித்தால், அவள் எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே குடியிருக்கிறாள். அவள் கணவருக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் அதிகம் பேச மாட்டார். வீட்டில் இருக்கும் பேச்சு முழுவதையும் அக்கா எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது தலைவலி. அக்கா இல்லாமல் எனக்குக் கடைக்குப் போகத் தெரியாது. எந்தப் பாலில் சர்க்கரை கலந்திருக்கும், எந்த அரிசி பொங்கலுக்குக் குழையும், டீ கேட்டால் கூடவே சர்க்கரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளோடு போனாலோ மானம் போகும். கடை வந்ததும் நான் பத்தடி தள்ளி நின்று ஊறுகாய்ப் பாட்டில்களைப் படிப்பேன். இந்த ஊரில் கிடைக்கும் ஊறுகாய்களில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. மலேசியத் தமிழர்கள் வாக்கியத்துக்கு ஒரு 'லா' போடுவார்கள். நெல்லைக்காரர்களும் போடுவார்கள். அதனால் அக்காவை எல்லோரும் கொஞ்ச நேரம் உள்ளூர்க்காரி என்றே நினைப்பார்கள். கொசுறு கேட்கும் வரைக்கும்தான் அது.

ஒருநாள் கறிவேப்பிலை வாங்கப் போனோம். கறிவேப்பிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மூடி போட்டு, மேலே கோடு கோடாக பார்கோடு ஒட்டிக் குளிர்பெட்டியில் கிடந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். துக்க வீட்டில் நிற்பது மாதிரி நின்றாள்.

"கொசுறே இதானட்டி" என்றாள் கடைசியில். "காய் வாங்குனா இத அள்ளிப் போடணும். இதையே விலைக்கு வச்சுட்டான்னா இதுக்குக் கொசுறா எதக் கேக்க?"

வாங்காமல் திரும்பினோம். அந்த வாரம் எங்கள் வீட்டுச் சாம்பாரில் கறிவேப்பிலை இல்லை. சின்ன விஷயம்தான். ஆனால் தாளிக்கும்போது அந்த வாசனை வராததும் எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்துவிட்டது. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, நான் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அவர் லேப்டாப் பையைத் திறந்து ஒரு பெரிய கொத்துக் கறிவேப்பிலையை எடுத்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது.

"ஏதுங்க இது?"

"ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டு மரமாம். ஷா ஆலம்ல. அவரா குடுத்தார்."

அதற்குப் பிறகு அடிக்கடி கொண்டுவந்தார். நான் அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டாமல் இருப்பேனா? "பாருங்க அக்கா, கேக்காமலே குடுக்கறாங்க. மரியாதையா இருந்தா தானா வரும்" என்றேன். அக்கா கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அரிஞ்ச மாதிரி இல்லியே. ஒடிச்சதுலா" என்றாள். பிறகு, "ஷா ஆலத்துலருந்து இந்த வெயில்ல வந்தும் வாடாம இருக்கு. நல்ல மரம்ட்டி" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சேலை எடுக்க இரண்டு பேரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். அங்கே ஜவுளிக்கடைத் தெருவே ஒன்று உண்டு. அக்கா ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, அதோடு ஒரு ரவிக்கைத் துணியைக் கொசுறாகக் கேட்டாள். கல்லாவில் இருந்தது சின்ன வயசுத் தமிழ்ப் பெண். நகமெல்லாம் நீலச் சாயம்.

"ஆன்டி, அப்படிலாம் குடுக்க முடியாது லா. சிஸ்டம்ல இல்ல."

"நான் சிஸ்டத்துட்ட கேக்கலம்மா. உன்ட்டதான கேக்கேன்."

"மேனேஜர் ஏசுவாரு ஆன்டி."

"வரச் சொல்லு. அவர்ட்டயும் கேக்கேன்."

மேனேஜர் வந்தார். கடையில் இருந்தவர்கள் சேலையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் குழந்தைகள் கவுன் தொங்குகிற பக்கம் போய் ஒரு பொம்மைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வேறொரு விற்பனைப் பெண் வந்து, "அக்கா, அவங்க உங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல்தான். அதில் ஆமாமும் உண்டு, இல்லையும் உண்டு. அவள் இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் திருத்தவில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ரவிக்கைத் துணியை, நிஜமாகவே ஒரு ரவிக்கைத் துணியை, வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் கடையை விட்டு வெளியே போனாள். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். அக்கா எதிரே வந்து நின்றாள்.

"தங்கச்சி, இந்த சீட்டுல யாரும் வாராகளா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அக்கா..."

"உக்காரலாம்லா? தேங்க்ஸும்மா. தமிழா நீங்க? எந்த ஊரு?"

பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் இதே கூத்துதான். எனக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார், எல்லாம் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எதிர் இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அரை வழியில், அந்த அந்நியர் வேஷத்திலேயே, சொன்னாள்:

"நான் வந்த புதுசுல யாருட்டயும் ஒரு வார்த்த பேசல தங்கச்சி. கடைக்குப் போனா அவன் நிறுப்பான், இவ டிக்குன்னு சத்தம் போட வைப்பா, காச வாங்கிட்டு அடுத்த ஆளப் பாப்பா. வாய் இருக்கான்னே சந்தேகம் வந்துட்டு. கொசுறு கேக்க ஆரம்பிச்ச பொறவுதான் ஆளுக எங்கூடப் பேசுதாக. ஏசத்தான் ஏசுதாக. ஆனா பேசுதாக."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் எங்கள் பகுதி நிலையமான சென்ட்ரலில் நின்றதும் அவள் எழுந்து, "பாத்ததுல சந்தோஷம்மா, எங்க வீட்டுப் பக்கம் வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு என் பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு வீடு போயிற்று. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போவதாகவும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மகளுடைய பாலர் பள்ளி பக்கத்துத் தெருவில். இவருக்கு ரயில் சென்ட்ரலில். பிரிக்ஃபீல்ட்ஸை விட்டுப் போனால் இரண்டும் கெட்டுவிடும். நான் வீடு வீடாகப் போன் செய்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். பேசிவிட்டு, "லோக்கலா, இந்தியாவா?" என்று கேட்பார்கள். இந்தியா என்று சொன்னதும், "பாத்துட்டு சொல்றேன்" என்பார்கள். ஒருவரும் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. ஒரு அம்மா மட்டும் வெளிப்படையாக, நீங்கள் தாளிக்கிற புகை சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்றார். போனை வைத்துவிட்டு நான் சுவரைப் போய்த் தடவிப் பார்த்தேன்.

மிஞ்சியது ஒரே வீடு. பின் தெருவில் ஒரு பழைய இரட்டை மாடி வீடு. கீழே ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேயே. மாடி காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதே அக்காதான்.

"நானும் கூட வாரேன். நான் பேசுனா முடிஞ்சிரும்" என்றாள்.

வீட்டுக்கு என்ன கொசுறு கேட்பாள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. "வேண்டாம் அக்கா. நீங்க பாப்பாவப் பாத்துக்குங்க, அது போதும்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிட்டி, போயிட்டு வா" என்றாள்.

நான் இஸ்திரி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டேன். இவருக்கும் கட்டளைகள் போட்டேன். சட்டையை உள்ளே விடுங்கள், இங்கிலீஷ் பேசுங்கள், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், நல்ல உத்தியோகம் என்று தெரியட்டும். "அட்டை எதுக்கு?" என்றார். "மாட்டுங்கன்னா மாட்டுங்க" என்றேன். ஆரஞ்சு நிற நாடாவில் தொங்கும் அந்த அட்டையை அவர் மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் ஒரு மாதிரியாகவே வந்தார். அந்த வீட்டு வாசல் வந்ததும், "இந்த வீடா?" என்று கேட்டார். குரல் சரியில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் ஆசிரியை அம்மா. நல்ல வெள்ளை முடி, நிமிர்ந்த முதுகு. தேநீர் கொடுத்தார். எங்களைப் பற்றிக் கேட்டார். இந்தியா என்று சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"நான் பெரிசா ஒண்டும் கேக்கிறேல்லை. நேர்மையான ஆக்களா இருந்தாப் போதும்" என்றார்.

"யெஸ் ஆன்டி" என்றார் இவர்.

"இப்ப ஆரையும் நம்பேலாது, பாருங்கோ. அங்க பாருங்கோ, அந்தக் கறிவேப்பிலை மரத்தை."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வேலிக்குப் பக்கத்தில் நல்ல உயரமான மரம். ரோட்டுப் பக்கம் நீண்ட கிளைகள் மட்டும் மொட்டையாக நின்றன.

"ஒருத்தன் பின்னேரத்தில வாறான். படிச்ச ஆள் மாதிரித்தான் நடை. கேட்டைத் தட்டுறேல்லை, ஒரு வார்த்தை கேக்கிறேல்லை. கையை நீட்டி ஒடிச்சு லேப்டாப் பையுக்குள்ள வைச்சிட்டுப் போறான். நான் எழும்பி வாசலுக்கு வாறதுக்கிடையில போயிடுவான்."

"முகம் பார்த்தீங்களா ஆன்டி?" என்று இவர் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத குரல் அது.

"கண்ணாடி போடாமத் தூரத்தில ஆர் எண்டு தெரியேல்லை. கழுத்தில ஒரு ஆரஞ்சு நாடா. அது மட்டும் பளிச்செண்டு தெரியும்."

சொல்லிவிட்டு, மேசை மேல் இருந்த கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார்.

இவருடைய கை மெதுவாக மேலே ஏறி அட்டையைச் சட்டைப் பையில் செருகிற்று. நாடாவை எங்கே செருகுவது? அது கழுத்தைச் சுற்றிப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆசிரியை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பார்த்தார்.

எனக்கு ஒரேயடியாக எல்லாம் புரிந்தது. ஷா ஆலத்து மரம், வாடாத கொத்து, அவராகக் கொடுத்த புண்ணியவான். சூப்பர் மார்க்கெட் வரிசையும் கிள்ளான் கடையும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதெல்லாம் வெட்கம். இது திருட்டு. அதையும் நானே கழுத்தில் மாட்டி அழைத்து வந்திருக்கிறேன். தரையில் இருந்த பழைய சிவப்பு ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு போயிற்று, மகளை அந்தப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், இவர் எங்கிருந்து வேலைக்குப் போவார் என்று தெரியாது. அது எதுவும் அந்த நிமிஷத்தில் பெரிதாகத் தெரியவில்லை. எழுந்து வாசல் வரை எப்படி நடப்பது என்பதுதான் தெரியவில்லை.

"ஆன்டி, ஐ கேன் எக்ஸ்ப்ளைன்" என்று இவர் ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்கு எந்த மொழியும் வரவில்லை.

"அம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டது ஒரு குரல்.

கொசுறு அக்கா. இடுப்பில் என் மகள். அம்மா வேண்டும் என்று அவள் அழுதிருக்கிறாள், தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜன்னலெல்லாம் திறந்துதான் கிடந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அந்த எல பறிச்சது எனக்காகத்தாம்மா" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாந்தான் இவுகள அனுப்புனேன். கேட்டு வாங்கிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். இவுகளுக்குக் கேக்க வெக்கம். படிச்சவுக பாருங்க. தப்பு எம்பேர்லதான்."

ஆசிரியை அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆர்?"

"இந்தப் பிள்ளைக்கு அக்கா. கூடப் பிறக்கல."

"உங்களுக்குக் கேக்க வெக்கமோ?"

"எனக்கா?" என்றாள் அக்கா. அவ்வளவு சங்கடத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிற்று.

"அப்ப நீங்களே வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்மா. இப்பக் கேக்கேன். இவுகளுக்கு மாடியக் குடுங்க. வாடகை ஒழுங்காத் தருவாக, நான் பொறுப்பு. அதுக்குக் கொசுறா எனக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு கொத்து எல குடுங்க. இனிமே இந்த மரத்த யாரும் ஒடிக்காம நானே நின்னு பாத்துக்கிடுதேன்."

கேட்டேவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஆசிரியை அம்மா இவருடைய ஆரஞ்சு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. "இத்தனை வருஷத்தில இந்த மரத்தில இலை கேட்டு ஆரும் என்ர வீட்டுக்குள்ள வரேல்லை" என்றார். பிறகு இவரிடம் திரும்பி, வகுப்பறைக் குரலில், "தம்பி, இனிமேல் கேட்டைத் தட்டோணும்" என்றார்.

"யெஸ் டீச்சர்" என்றார் இவர்.

வீடு கிடைத்தது.

திரும்பும் வழியில் இவர் மகளைத் தூக்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். அன்றைக்கு எங்கள் பக்கம் திரும்பும் தைரியம் அவருக்கு இல்லை. நானும் அக்காவும் பின்னால் வந்தோம். "நீங்க ஏன் அக்கா பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க? உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு வெக்கம் இல்லன்னு யாருட்டி சொன்னா?" என்றாள். "ஒவ்வொரு கடையிலயும் எனக்கு உள்ளுக்குள்ள கூசத்தான் செய்யும். பழகிட்டு. உனக்குப் பழக்கம் இல்ல, நீ தாங்க மாட்ட."

ராத்திரி சாப்பாட்டின்போது இவரை விசாரணை செய்தேன். அன்றைக்கு நான் அடுப்படியில் அழுததைப் பார்த்து மனசு கேட்கவில்லையாம். அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தாராம், உள்ளே போய்க் கேட்க வெட்கமாக இருந்ததாம். கேட்க வெட்கம், ஒடிக்க வெட்கமில்லையா என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மாப்பிள்ளைதான். திட்ட நினைத்து வாயைத் திறந்தேன், அதற்குள் அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா கேட்டைத் தட்டினாள். ஒரு கொத்து இலைக்காக வந்தவள் ஆசிரியை அம்மாவோடு மதியம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பாள். மாடியில் இருந்து பார்த்தால் இரண்டு தலைகள் தெரியும். ஒன்று வெள்ளை, இன்னொன்று ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

பிறகு அக்காவின் கணவருடைய வேலை ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குத் திரும்புகிறார்கள். கடைசியாகப் பூ வாங்கப் போனபோது பூக்கடைக்காரர் ஒரு முழத்துக்கு மேல் ஒரு சாண் அவராகவே நறுக்கிக் கொடுத்தாராம். "கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு, சப்புன்னு போச்சு" என்று அக்கா வருத்தப்பட்டாள்.

வழியனுப்ப நான் சென்ட்ரலுக்குப் போனேன். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் அங்கேயிருந்துதான். அக்காவின் கணவர் எதற்கும் அரை நாள் முன்னாலேயே கிளம்புகிற மனிதர். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு உள்ளே போகும் வழியில் நின்றார். சுற்றிலும் ஜனம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அழுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நான் விறைப்பாக நின்று, உடம்பைப் பார்த்துக்குங்க, போன் பண்ணுங்க என்று எல்லோரும் சொல்கிறதைச் சொன்னேன்.

"வாரேன்ட்டி" என்றாள் அக்கா. என் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அக்கா" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அந்த இடமே திரும்பிப் பார்த்தது.

அக்கா நின்றாள்.

"கொசுறு?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பி, "நீங்க பெட்டிய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் உக்காருங்க. இந்த ரயில் போகட்டும்" என்றாள். "பிள்ள இப்பத்தான் மொதத் தடவ வாயத் தொறந்து கேக்கா."

அந்த ரயில் போயிற்று. அடுத்தது வரும் வரைக்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு ரயிலைக் கேட்டிருந்தால் அதையும் விட்டிருப்பாள். கேட்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.